எண்ணி வாங்குங்க சார்

விருத்தாசலம் செய்த தப்பு ஒன்றே ஒன்றுதான். கொடுத்த பணத்தை எண்ணாமல் வாங்கி பீரோவில் வைத்தார். அவர் மட்டில் அது பெரிய மனுஷத்தனம். கொடுத்துவிட்டு வந்த எட்டுப் பெண்களுக்கோ அன்றிலிருந்து அதே பேச்சுதான்.

எட்டுப் பேரும் கிளியனூர் பக்கத்து நடவுக்காரிகள். அமலாதான் அந்தச் செட்டுக்குத் தலைவி. எந்த நிலத்துக்காரர் கூப்பிட்டாலும் அவளிடம்தான் பேசவேண்டும், அவள் பேச்சும் ஒரே பேச்சுதான். வயலில் இறங்கும்போது பாதிக் கூலி, கடைசி நாற்றை ஊன்றிவிட்டுக் கரை ஏறும்போது மீதி. அதுவும் கரையிலேயே, எல்லார் காதிலும் விழ, ஒவ்வொருத்தி பேரையும் சொல்லி எண்ணிக் கொடுக்கவேண்டும். "அப்புறம் வீட்டுப் பக்கம் வாம்மா" என்கிற கதையெல்லாம் அவளிடம் நடக்காது. எண்ணாத பணம் அவள் கணக்கில் பணமே இல்லை.

இவ்வளவு கெட்டிக்காரியும் ஒரு தடவை ஏமாந்தாள். நாலு வருஷத்துக்கு முன்னால் திண்டிவனத்திலிருந்து ஒருத்தன் தீபாவளிச் சீட்டு பிடிக்க வந்தான். வாய் நிறைய அக்கா அக்கா என்றான். அமலாவும் மாசாமாசம் ஏழு பேரிடமும் வாங்கித் தன் கையால் கொண்டுபோய்க் கட்டினாள். ஐப்பசி வந்தது, அவன் வரவில்லை. கடைக்குப் போய்ப் பார்த்தால் ஷட்டரில் யாரோ 'வாடகைக்கு' என்று போர்டு மாட்டியிருந்தார்கள். ஏழு பேரில் ஒருத்திகூட அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள், கேட்காமல் இருந்ததுதான் அவளைக் கொன்றது. ஒன்றரை வருஷம் தன் கூலியில் பிடித்துப் பிடித்து ஏழு பேருக்கும் அடைத்தாள். அன்றைக்கு ஒரு சட்டம் போட்டாள். இனி அவரவர் காசை அவரவர் கையால்தான் கொடுக்கவேண்டும், யாரும் யார் காசையும் தூக்கிச் சுமக்கக் கூடாது.

ஏற்காட்டு யோசனை அம்சவள்ளியுடையது. செட்டிலேயே மூத்தவள், ஐம்பத்தெட்டு வயசு, வாய்க்கு ஓய்வே கிடையாது.

"கத்திரி வெயில்ல வருஷாவருஷம் வெந்து சாவுறோம். ஒரு வாரம் போர்வ போத்திக்கினு படுக்கணும்டி. யாராவது வந்து எழுப்புனா அடிக்கணும்" என்றாள்.

சிரித்தார்கள். சிரித்துவிட்டு, மாசம் முந்நூறு என்று அவரவர் போஸ்ட் ஆபீஸ் புத்தகத்தில் போட ஆரம்பித்தார்கள். இரண்டு வருஷம் போட்டார்கள். லாட்ஜில் எட்டுப் பேருக்கு ரூம் போட்டு, மூன்று வேளையும் ஓட்டலில் தின்றால் இரண்டு நாளில் காசு கரைந்துவிடும். அமலாவின் மகள் கலைப்பிரியாதான் போனில் தேடி அந்த விளம்பரத்தைக் கண்டுபிடித்தாள். ஏற்காட்டில் டைம்ஷேர் வீடு, பத்துப் பேர் தங்கலாம், சமையலறை உண்டு, மே மாசம் ஒரு வாரம், முப்பத்திரண்டாயிரம். சொந்தக்காரர் விழுப்புரம்.

"டைம்ஷேருன்னா இன்னாடி?"

"ஒரே வீட்ட அம்பத்திரண்டு பேருக்கு வித்திருப்பாங்கம்மா. ஆளுக்கு வருஷத்துல ஒரு வாரம். அவங்க வாரத்த அவங்க வாடகைக்கு விடலாம்."

"பங்குக் கிணறு மாதிரின்னு சொல்லு. இவரு முறைத் தண்ணிய நமக்கு விக்கறாரு" என்றாள் அமலா. அவளுக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

விழுப்புரம் கிழக்கு பாண்டி ரோட்டில் விருத்தாசலத்தின் வீடு. சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். மார்ச் மாசம் முதல் ஞாயிறு, கேட்டுக்கு வெளியே எட்டுப் பெண்கள் வரிசையாக நிற்பதை ஜன்னல் வழியே பார்த்தார். எந்தக் காலத்தில் அளந்த எந்த ஊர்ப் பாதைத் தகராறோ என்று நினைத்துவிட்டார்.

"நான் ரிடையர் ஆயி ஒம்போது வருஷம் ஆச்சும்மா. அளவு சம்மந்தமா எதுன்னாலும் தாலுக்கா ஆபீஸ்ல போய்க் கேளுங்க" என்றார், கேட்டைத் திறக்காமலே.

"அளவு இல்ல சார். ஏற்காட்டு வீடு. போன்ல பேசினேனே, அமலா."

"அதுக்கு எட்டுப் பேரா?"

"காசு எட்டுப் பேருது சார்."

உள்ளே விட்டார். உட்காரச் சொன்னார். பேச்சோடு பேச்சாக, "கிளியனூர்ல எங்க? ஊரா, காலனியா?" என்று கேட்டார். கெட்ட எண்ணம் இல்லை. ஊர் ஊராகச் சங்கிலி பிடித்து அளந்த வாய்க்கு அது பழக்கம். பழக்கம்தானே என்று விட்டுவிட முடியுமா?

"காலனிதான் சார். காசு எல்லாத் தெருவுலயும் செல்லுது" என்றாள் அமலா.

உள்ளேயிருந்து மோரோடு வந்த அவர் மனைவி லட்சுமியம்மாள், புருஷனை ஒரு முறை முறைத்தாள். வீட்டு எவர்சில்வர் டம்ளர்களிலேயே எட்டுப் பேருக்கும் மோர் கொடுத்தாள். அம்சவள்ளி அதைக் கவனித்து, அமலாவின் தொடையில் இடித்தாள்.

அவர் முழுப்பணத்தையும் முன்னாலேயே கேட்டார். காரணமும் சொன்னார். இரண்டு வருஷத்துக்கு முன்பு ஒருத்தருக்குப் பாதிப் பணத்துக்கு நம்பி விட்டாராம். அந்தக் கும்பல் டிவியை உடைத்துவிட்டு, மீதியும் கொடுக்காமல், போன் நம்பரையே மாற்றிக்கொண்டது. உடைந்ததற்கு இவர்தான் தண்டம் கட்டினார்.

"ஏமாந்தவன் ஜாக்கிரதையாத்தானம்மா இருப்பான்" என்றார்.

"நாங்களும் ஏமாந்தவங்கதான் சார். எங்களுக்கு ஒரே வழக்கந்தான். எறங்கறப்ப பாதி, கரை ஏர்றப்ப பாதி. ஏற்காட்டுல சாவி கைக்கு வந்ததும் மீதிய வச்சிடுவோம். டிவிய நாங்க தொடவே மாட்டோம்."

கொஞ்ச நேரம் பேசிப் பார்த்தார். பிறகு சரி என்றார். அமலா கண்ணைக் காட்டினாள். ஒவ்வொருத்தியும் எழுந்து, முந்தானையிலோ சுருக்குப் பையிலோ இருந்த துணி முடிச்சை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"புனிதா. ரெண்டாயிரம்."

"அம்சவள்ளி. ரெண்டாயிரம். எண்ணிக்கங்க."

விருத்தாசலத்துக்குச் சங்கடமாக இருந்தது. நூறும் ஐம்பதுமாகக் கசங்கிய நோட்டு. கூலிக்காரப் பெண்கள் எதிரில் உட்கார்ந்து எச்சில் தொட்டு எண்ணுவதா? அது அவர்களைச் சந்தேகப்படுவது மாதிரி ஆகாதா?

"இருக்கட்டும்மா, இருக்கட்டும். எண்ணித்தான் பாக்கணுமா? உங்க மேல நம்பிக்கை இருக்கு" என்று சிரித்துக்கொண்டே எட்டு முடிச்சையும் ஒரு ஜவுளிக்கடைப் பையில் போட்டு, பீரோவுக்குள் வைத்துப் பூட்டினார். ஒரு வெள்ளைத் தாளில் மெம்பர் நம்பரும் தேதியும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

திண்டிவனம் பஸ் ஏறினார்கள். சீட்டில் உட்கார்ந்ததும் அம்சவள்ளி ஆரம்பித்தாள்.

"ஏன் அமலா, அந்த மனுசன் ஏன் எண்ணல?"

"நம்பிக்கையாம்."

"இன்னா நம்பிக்கை? எண்ணியிருந்தா பதினாறு வாங்கினேன்னு அவரு வாயால சொல்லியிருக்கணும். இப்ப சொன்னாரா? நாளைக்கு முடிச்சு ஏழுதான் இருந்துச்சுன்னா நாம இன்னா பண்ணுவோம்?"

அமலா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அதே பயம்தான் அவளுக்கும். கூட்டேரிப்பட்டு தாண்டும்வரை கையிலிருந்த தாளை நாலு தடவை படித்தாள். அதில் பணம் எவ்வளவு என்று அவர் எழுதவே இல்லை.

அதற்கப்புறம் களையெடுக்கப் போனாலும் அதே நினைப்பு. நாற்றங்காலைப் பார்க்காமல் ஒரு வயலுக்கும் ஒப்புக்கொள்ளாதவள், பார்க்காத வீட்டுக்குப் பதினாறாயிரத்தைத் தூக்கிக் கொடுத்துவிட்டோமே என்று இருந்தது. பத்தாவது நாள், கலைப்பிரியாவிடம் நம்பரைத் தேடச் சொல்லி, ஏற்காட்டு ரிசார்ட்டுக்கே போன் போட்டாள்.

போனை எடுத்த பெண் மரியாதையாகத்தான் பேசினாள். "மெம்பர் நம்பர் கரெக்ட்தான் மேடம். ஆனா அவங்க ரெண்டு வருஷமா மெயின்டனன்ஸ் கட்டல. இருபத்தி நாலாயிரம் பாக்கி. மார்ச் முப்பத்தொண்ணுக்குள்ள கட்டலைன்னா அந்த வாரத்த நாங்க வேற ஆளுக்குக் குடுத்துடுவோம்."

"எங்க பேருல எழுதி வச்சிருக்கா?"

"யார் பேர்லயும் புக்கிங் இல்ல மேடம்."

அமலா போனை வைத்தாள். வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள். மறுபடியுமா? அதே ஏழு பேருக்கா? இந்தத் தடவை அவள் யார் காசையும் சுமக்கவில்லை, ஆனால் அந்த வீட்டு வாசலுக்குக் கூட்டிப்போனது அவள்தானே. ஒரு நாள் முழுக்க வாயைத் திறக்கவில்லை. இரண்டாம் நாள், மறைத்தது போதும் என்று ஏழு பேரையும் கூப்பிட்டுச் சொல்லிவிட்டாள்.

யாரும் கத்தவில்லை. புனிதாதான் மெதுவாகக் கேட்டாள், "போயிடுச்சா அக்கா?"

அந்தக் கேள்வி அமலாவைப் பிடித்து உலுக்கியது. "போவல. நாளைக்கே போய் ஒண்ணு காச வாங்கினு வர்றேன், இல்ல வீட்ட வாங்கினு வர்றேன்" என்றாள். அம்சவள்ளி, "நானும் வர்றேன். நீ பேசு, நான் பக்கத்துல நிக்கறேன்" என்றாள். அவள் பக்கத்தில் நின்று பேசாமல் இருப்பாள் என்று நம்ப அங்கே ஆள் இல்லை.

கதவைத் திறந்தது லட்சுமியம்மாள். இரண்டு பேர் முகத்தையும் பார்த்ததுமே விஷயம் புரிந்துவிட்டது. "உக்காருங்கம்மா" என்று சொல்லிவிட்டு, உள்ளே பார்த்து, "வாங்க வெளிய. நீங்களே சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?" என்றாள்.

விருத்தாசலம் வந்தார். பனியனுக்கு மேல் சட்டை போட்டுக்கொண்டே வந்தவர், பட்டனை மாற்றி மாட்டியிருந்தார். உட்காரவில்லை.

"ரிசார்ட்டுக்கு போன் பண்ணோம் சார்" என்றாள் அமலா.

"தெரியும்மா."

"இருபத்தி நாலாயிரம் பாக்கியாமே. எங்க வாரமே இல்லன்றாங்களே சார்."

"டிவிக்குத் தண்டம் கட்டின வருஷம் மெயின்டனன்ஸ் கட்ட முடியல. அடுத்த வருஷம் இவளுக்கு முட்டி ஆபரேஷன். உங்க பணமும் டிஏ அரியரும் சேர்ந்தா மொத்தமா கட்டிடலாம்னு நெனச்சேன். அரியர் வரல."

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருந்தா நீங்க வேற எடம் பாத்திருப்பீங்க."

"பாத்திருப்போம்" என்றாள் அமலா. பொய் சொல்ல அவளுக்கு என்ன தலையெழுத்து?

"எங்க காசு எங்க?" என்று அம்சவள்ளி எழுந்தேவிட்டாள்.

விருத்தாசலம் பீரோவைத் திறந்து அந்த ஜவுளிக்கடைப் பையைக் கொண்டுவந்து மேஜையில் கவிழ்த்தார். எட்டு முடிச்சு. ஒன்றுகூடப் பிரிக்கவில்லை. அம்சவள்ளி தன் பழைய பச்சை ரவிக்கைத் துணியில் போட்ட முடிச்சு, அவள் போட்டபடியே இருந்தது.

"தொடலம்மா. எடுத்துக்கினு போயிடுங்க. இவ தெனமும் சண்ட போட்டா, போன் பண்ணி உண்மையச் சொல்லுங்கன்னு. எனக்கு வாய் வரல" என்றார். அறுபத்தேழு வயசு மனுஷர், கோர்ட்டில் கூண்டில் ஏறிச் சாட்சி சொன்னவர், தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

முடிச்சுகளை அள்ளிக்கொண்டு வந்திருக்கலாம். அமலா அள்ளத்தான் கை நீட்டினாள். ஆனால் அவளுக்குக் கோபம் வடிந்து, ஒரு மாதிரி இரக்கம் வந்துவிட்டது. இந்த ஆள் திருடன் இல்லை. கையில் காசில்லை என்பதைச் சொல்ல வெட்கப்பட்ட ஆள். அந்த வெட்கம் அவளுக்குத் தெரியாததா? ஒன்றரை வருஷம் சுமந்தவள் அல்லவா?

"நீங்க எத்தினி தடவ போயிருக்கீங்க சார் அந்த வீட்டுக்கு?" என்றாள்.

பதில் லட்சுமியம்மாளிடமிருந்து வந்தது. "ஒரு தடவகூட இல்லம்மா. பதினாலு வருஷம் ஆச்சு. பாண்டியில ஒரு ஓட்டல்ல சாப்பாடு போட்டு, ஒரு குக்கரக் குடுத்து இவரு தலையில கட்டிட்டானுங்க. வருஷாவருஷம் எதனா செலவு வரும், வாரத்த வித்துடுவாரு. அந்தக் குக்கரும் போன வருஷம் போச்சு."

அம்சவள்ளிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த பிறகு எங்கே சண்டை போடுவது?

அமலா யோசித்தாள். ஊருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்து மற்ற ஆறு பேரிடமும் பேசினாள். பேசி முடித்துவிட்டுச் சொன்னாள்.

"சார், இந்தப் பதினாறோட நாங்க ஆளுக்கு ஆயிரம் மேல போடறோம். இருபத்தி நாலு ஆச்சு. உங்க கையில தர மாட்டோம். பேங்க்ல இருந்து நேரா ரிசார்ட்டு கணக்குக்குப் போவணும், நான் பக்கத்துல நிப்பேன். ரசீது உங்க பேருல, புக்கிங் எங்க எட்டுப் பேரு பேருல. மீதி எட்டாயிரம் கரை ஏர்றப்ப."

"சரிம்மா."

"இன்னும் முடியல. எங்க வழக்கத்துல நட்டு முடிக்கற வரைக்கும் நெலத்துக்காரரு கரையில நிக்கணும். நீங்க ரெண்டு பேரும் எங்ககூட வண்டியில வர்றீங்க. பத்துப் பேரு தங்கலாம்னு நீங்கதான போட்டீங்க? எட்டும் ரெண்டும் பத்து."

விருத்தாசலம் திகைத்துப்போய் மனைவியைப் பார்த்தார். "அது எப்படிம்மா..." என்று இழுத்தார்.

"இன்னா எப்படி? நான் போறேன். நீங்க வர்றதுன்னா வாங்க" என்றாள் லட்சுமியம்மாள்.

மார்ச் முப்பதாம் தேதி பணம் கட்டியாயிற்று. அவரவர் கையால் கொடுக்கவேண்டும் என்பதால் அன்றைக்கும் எட்டுப் பேரும் விழுப்புரம் வந்து, பேங்க் வாசலில் செக்யூரிட்டியைக் கதிகலங்க வைத்தார்கள். மறுநாள் ரிசார்ட்டிலிருந்து கலைப்பிரியா போனுக்குக் கடிதம் வந்தது. எட்டுப் பேர் பெயரும் அதில் வரிசையாக இருந்தது. அம்சவள்ளி தன் பேரில் எழுத்து பிசகியிருக்கிறதா என்று கலைப்பிரியாவை மூன்று தடவை படிக்கச் சொன்னாள்.

மே மாசம், கத்திரி தொடங்கிய வாரம், விடிகிற நேரத்தில் வேன் கிளம்பியது. அரிசி மூட்டை, வறுத்த மல்லாட்டை, கேப்பை மாவு, இரவல் வாங்கிய ஸ்வெட்டர்கள். விழுப்புரத்தில் கணவனும் மனைவியும் ஏறினார்கள். விருத்தாசலம் டிரைவர் பக்கத்தில் விறைப்பாக உட்கார்ந்தார். உளுந்தூர்பேட்டை தாண்டுவதற்குள் லட்சுமியம்மாள் அம்சவள்ளியின் மடியில் முட்டியை நீட்டிக்கொண்டு, ஆபரேஷன் கதையை ஆதியிலிருந்து சொல்ல ஆரம்பித்திருந்தாள். சேலம் தாண்டி வேன் மலையேறியது. ஜன்னல் வழியாக வந்த காற்றை வாயைத் திறந்து குடித்தார்கள்.

ரிசப்ஷனில் சாவியை எடுத்து விருத்தாசலத்திடம் நீட்டினார்கள். அவர் அதை அப்படியே அமலாவிடம் கொடுத்தார். வீட்டு வாசலுக்கு வந்தார்கள். மூன்று படி, ஓட்டுக்கூரை, பக்கத்தில் சில்வர் ஓக் மரம். அமலா கதவைத் திறந்தாள், ஆனால் உள்ளே போகவில்லை. படியிலேயே நின்று திரும்பினாள்.

"கரை ஏறியாச்சு. எண்ணி வாங்குங்க சார்."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். இருக்கட்டும் என்றுதான் சொல்ல வந்திருப்பார். லட்சுமியம்மாள் இருமினாள். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, படியில் உட்கார்ந்தார். அம்சவள்ளி நீட்டிய முதல் முடிச்சைப் பிரித்தார். விரலை எச்சில் தொட்டுக்கொண்டார். வயல்வெளியில் நின்று சங்கிலிக்காரனுக்குக் கேட்கும்படி அளவு சொன்ன அதே குரலில், ரிசார்ட்டே திரும்பிப் பார்க்கும்படி சொன்னார்.

"அம்சவள்ளி. ஆயிரம். சரியா இருக்கு."

"புனிதா. ஆயிரம். சரியா இருக்கு."

ஒவ்வொரு பேரையும் சொன்னார். எட்டாவதாக, "அமலா. ஆயிரம். சரியா இருக்கு. மொத்தம் எட்டாயிரம், முன்ன கட்டின இருபத்தி நாலு, ஆக முப்பத்திரண்டாயிரமும் வந்துடுச்சு" என்றார். அமலாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. நாலு வருஷமாக நெஞ்சில் கிடந்த அந்த மூடின ஷட்டர் அப்போதுதான் அங்கிருந்து போயிற்று. அழுவதை யாரும் பார்க்கக்கூடாது என்று முந்தானையை இழுத்துக்கொண்டாள்.

"போதும் அழுதது, நில்லு" என்றாள் லட்சுமியம்மாள். இடுப்பிலிருந்து ஒரு முடிச்சை எடுத்தாள். புதுக் கைக்குட்டையில் போட்ட முடிச்சு, ரொம்ப இறுக்கிப் போட்டிருந்தாள், பழக்கமில்லாத கை. "சாப்பாட்டுச் செலவுல எங்க ரெண்டு பேரு பங்கு. என் கையாலதான் குடுப்பேன். எண்ணி வாங்கிக்க."

அமலா பல்லால் கடித்து முடிச்சைப் பிரித்தாள். படியில் ஒன்பது பேருக்கு நடுவில் நின்று ஒவ்வொரு நோட்டாக எண்ணினாள். பிறகு எல்லார் காதிலும் விழச் சொன்னாள்.

"லட்சுமியம்மா. மூவாயிரம். சரியா இருக்கு."